பாதிரியார் கண்ணை மூடியதும் வீட்டுச் சாவி யாருக்கு?

கேள்வி இதுதான்: "பழைய ஆங்கிலக் கதைகளில் கிராமத்துப் பாதிரியார் வசதியாகத்தான் இருக்கிறார். பெரிய வீடு, தோட்டம், பசு, குதிரை, சமையல்காரி எல்லாம் உண்டு. ஆனால் அவர் போன கையோடு மனைவியும் பெண்களும் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டப் போய்விடுகிறார்கள். சொத்தெல்லாம் எங்கே போனது? ஊருக்கெல்லாம் உயில் எழுதிக்கொடுத்தவர் தன் குடும்பத்துக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லையா?"

எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்துப் பாதிரியார்களின் உயில்கள் இங்கிலாந்து ஆவணக் காப்பகங்களில் ஏராளமாகக் கிடக்கின்றன. ஆனால் எழுதிவைக்க அவர் கையில் என்ன இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அவர் சாப்பிட்ட சோறு, படுத்த வீடு, உழுத நிலம் எல்லாமே அவர் மூச்சோடு கட்டப்பட்டவை. மூச்சு நின்றால் அவையும் நின்றுவிடும். கெட்டிக்காரப் பாதிரியார் உயிரோடு இருக்கும்போதே அந்த ஆயுள்கால வருமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதாவதாக மாற்றிவிடுவார்: சொந்த நிலமாக, பெண்ணின் சீதனமாக, பையனின் படிப்பாக. உயிலில் நாம் பார்ப்பது பந்தி முடிந்த பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். நான் பேசுவது பெரும்பாலும் 1600க்கும் 1850க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துத் திருச்சபையைப் பற்றி, நடுவில் கொஞ்சம் ஸ்காட்லாந்து.

முதலில் வீடு. ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட ஒரு படி கெட்டியான உரிமை. உயிரோடு இருக்கும்வரை அவரை லேசில் கிளப்ப முடியாது. அதோடு கோயில் மானியம் மாதிரி சபைக்கென்று ஒதுக்கிய நிலம் உண்டு, அதை 'கிளீப்' என்பார்கள், தானே உழலாம் அல்லது குத்தகைக்கு விடலாம். இன்னொரு வரும்படி தசமபாகம், ஊர் விளைச்சலில் பத்தில் ஒன்று. பாதிரியாரில் ரெக்டர், விகார் என்று இரண்டு வகை. ரெக்டர் என்றால் முழுத் தசமபாகமும் அவருக்கு. விகார் என்றால் தானியம், வைக்கோல் போன்ற பெரிய வரும்படி பெரும்பாலும் வேறு யாருக்கோ போய்விடும், இவருக்குக் கோழி, முட்டை, காய்கறி, ஆட்டுக்குட்டி மாதிரியான சில்லறைப் பங்கு. இதில் எதையும் விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது.

நார்ஃபோக்கில் வெஸ்டன் லாங்வில் என்ற ஊரில் 1776 முதல் 1803 வரை வாழ்ந்த ஜேம்ஸ் உட்ஃபோர்டு என்ற பாதிரியாரின் நாட்குறிப்பைப் பார்த்தால், டிசம்பர் தோறும் தசமபாகப் பணம் கட்ட வருகிற விவசாயிகளுக்கு அவர் மாட்டிறைச்சியும் பிளம் புட்டிங்கும் 'பஞ்ச்' என்ற மதுபானமும் கொடுத்து விருந்து வைத்தது வரி வரியாக இருக்கிறது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உடன்பிறந்தார் மகள் நான்சிதான் இருபது வருடத்துக்கும் மேலாக வீட்டைப் பார்த்துக்கொண்டாள். 1803 புத்தாண்டு அன்று அவர் இறந்தார். நான்சி மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான சாமர்செட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

எவ்வளவு நாள் அவகாசம்? எட்டாம் ஹென்றி காலத்து 1536ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிதாக வருகிற பாதிரியார் ஒரு மாத அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கேட்கலாம். விக்டோரியா காலத்தில் 1838இல்தான் விதவைக்கு இரண்டு மாதம் என்று ஆக்கினார்கள். அதே 1536 சட்டத்தில் ஒரு நல்ல காரியமும் இருந்தது. மானிய நிலத்தில் பாதிரியார் தன் செலவில் உழுது விதைத்திருந்தால், நிற்கிற பயிரை அவர் உயிலில் எழுதிவைக்கலாம். ஆக நிலம் போய்விடும், அந்த ஒரு போகம் மட்டும் குடும்பத்துக்கு. எந்த மாதத்தில் சாகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதுவும்!

இதைவிட மோசம் பழுதுக் கணக்கு. வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது இருக்கிறவரின் பொறுப்பு. புதியவர் வந்ததும் ஆளைக் கூட்டிவந்து கூரை, உத்தரம், களஞ்சியம், வேலி எல்லாவற்றையும் பார்த்து, "இதைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும், எடு பணத்தை" என்று இறந்தவரின் சொத்திலிருந்து கேட்கலாம். அதாவது வீட்டை விட்டு வெளியேறுகிற விதவை, அந்த வீட்டின் ஓட்டைக் கூரைக்கும் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். இதிலிருந்து தப்பிக்கச் சிலர் சாவதற்கு முன்பே தங்கள் பண்டபாத்திரங்களையெல்லாம் பிள்ளைகள் பெயருக்குத் தானமாக எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது, ஏனென்றால் 1571இல் நாடாளுமன்றம் அப்படிப்பட்ட தானப் பத்திரங்கள் செல்லாது என்று தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தது என்றால் ஊரில் அந்த வேலை நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பாதிரியார் குடும்பம் என்ற ஒன்றே இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் வந்த புதுச் சங்கதி. அதுவரை குருக்களுக்குக் கல்யாணம் கிடையாது, பிள்ளை பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் வாரிசு இல்லை. 1549இல் அனுமதித்தார்கள், மேரி ராணி வந்ததும் தடுத்தார்கள், எலிசபெத் அரைமனதாக விட்டுவைத்தார், 1604இல்தான் சட்டப்படி உறுதியானது. ஆனால் ஊழியத்தின் பொருளாதாரமோ தனி ஆளுக்காக வகுக்கப்பட்டது. ஆயுளோடு முடிகிற வருமானம் பிரம்மச்சாரிக்குப் போதும். பத்துப் பிள்ளை பெற்றவருக்கு?

பத்தொன்பது பெற்றவர் ஒருவரைப் பார்ப்போம். லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊர், ரெக்டர் பெயர் சாமுவேல் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் அப்பா. பத்தொன்பதில் பத்துப் பிள்ளைகள் தங்கின. மனிதர் படித்தவர், கவிஞர், காசு விஷயத்தில் கை ஓட்டை. 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்திருக்கிறார். 1709இல் வீடு எரிந்துபோனது, ஐந்து வயது ஜானை ஜன்னல் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். வெஸ்லி தன் செலவில் செங்கல்லில் புது வீடு கட்டினார். இங்கேதான் கொடுமை. தன் பணத்தில், கடன் வாங்கிக் கட்டிய வீடாக இருந்தாலும் அது பதவிக்குச் சொந்தம். தனக்குப் பின்னால் வருகிற யாரோ ஒருவருக்குத்தான் அவர் வீடு கட்டிக்கொடுத்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

வயதானதும் அவருக்குப் பயம் வந்தது. வீட்டைக் குடும்பத்திடம் தக்கவைக்க ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவன் அதே பதவிக்கு வருவது. மூத்தவன் சாமுவேலைக் கேட்டார், அவன் டிவர்ட்டனில் பள்ளித் தலைமையாசிரியர், வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் லிங்கன் கல்லூரியில் இருந்த ஜானைக் கேட்டார், உன் அம்மாவுக்கும் தங்கை அக்காமார்களுக்கும் இருக்க ஓர் இடம் வேண்டாமா என்கிற தோரணையில். ஜான் 1734 டிசம்பரில் பதில் எழுதினார், 26 எண்ணிட்ட பத்திகளில்! ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தால்தான் தன் ஆன்மாவுக்கும் பிறருக்கும் நல்லது என்பது சாரம். ஆன்மீக வரலாற்றில் அந்தக் கடிதத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. நான் படிக்கும்போதெல்லாம் ஜானின் அம்மா சுசன்னாவை நினைத்துக்கொள்வேன்.

1735 ஏப்ரல் 25ஆம் தேதி சாமுவேல் வெஸ்லி இறந்தார். திங்கள்கிழமை அடக்கம். அடக்கம் நடந்த அதே நாளில் நிலக்காரி ஒருத்தி, 15 பவுண்டு குத்தகை பாக்கிக்காக, 40 பவுண்டுக்கும் மேல் பெறுமான ஆடுமாடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது சார்லஸ் தன் அண்ணன் சாமுவேலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை சொல்கிறார்: அப்பா உனக்குத் தர வேண்டிய கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு வா, அதிகம் கடன் கொடுத்தவன் நீதான் என்று வீட்டுச் சாமான்களின் மேல் உன் அடையாளத்தைப் போட்டுவிடு, அப்போதுதான் அம்மா அவசரப்படாமல் நல்ல விலைக்கு விற்க முடியும். மகனே கடன்காரனாக முன்னால் வந்து நின்று, மற்றக் கடன்காரர்களைத் தள்ளி நிறுத்துவது. உயில், வாரிசுரிமை, சட்டப் பிரிவு எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி அந்தக் குடும்பங்களின் நிலைமையை நன்றாகக் காட்டுகிறது. எப்வொர்த் பதவி வேறு ஒருவருக்குப் போனது. சுசன்னா மகள் எமிலியிடம், பிறகு மற்றப் பிள்ளைகளிடம் என்று மாறி மாறி இருந்து, கடைசியில் லண்டனில் ஜானிடம் வந்து 1742இல் இறந்தார்.

இனி எதிர்ப்பக்கம். எசெக்ஸில் ஏர்ல்ஸ் கோல்ன் ஊரில் 1641 முதல் 1683இல் சாகும்வரை விகாராக இருந்தவர் ரால்ஃப் ஜோஸ்லின். நாற்பது வருடத்துக்கு நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், பிரசங்கம், பல்வலி, கனவு, தானியம் விற்ற காசு எல்லாம் ஒன்றாகக் கலந்து. இவருடைய தாத்தா வசதியான விவசாயி; அப்பா தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுத் தீர்த்தவர். அப்பா செய்த தப்பை மகன் திரும்பச் செய்யவில்லை. விகார் சம்பளத்தை நம்பி உட்காராமல் 1650களில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகவும் சம்பாதித்தார், பண்ணையம் பார்த்தார், கிடைத்த காசுக்கெல்லாம் துண்டு துண்டாக நிலம் வாங்கிப் போட்டார். அது மானிய நிலம் இல்லை, சொந்தப் பட்டா. வருடா வருடம் கணக்குப் பார்த்து, எவ்வளவு சேர்ந்தது, கடன் எவ்வளவு, கடவுள் என்ன கருணை காட்டினார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுவார்.

பத்துப் பிள்ளைகள் பிறந்தன, பலவற்றைப் புதைத்தார். ஆண் பிள்ளைகளை லண்டனில் காசு கட்டித் தொழில் பழக விட்டார். பெண்களையும் வெளியூருக்கு, லண்டனுக்கு வீட்டு வேலையும் நடைமுறையும் பழக அனுப்பினார், பாதிரியார் மகள் வேலைக்குப் போவது அப்போது கௌரவக் குறைச்சல் இல்லை. கல்யாணத்தின்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் சில நூறு பவுண்டு. இதுதான் அவர்களின் சொத்துப் பங்கு, அங்கேயே கணக்குத் தீர்ந்தது. அப்புறம் உயிலில் அவள் பெயருக்கு நேரே சின்னத் தொகை இருந்தால், "பெண்ணை ஒதுக்கிவிட்டார்" என்று முடிவுகட்டக் கூடாது. கொடுக்க வேண்டியதைக் கல்யாணத்தன்றே கொடுத்தாயிற்று.

ஆனால் ஜோஸ்லினுக்கும் ஒரு தலைவலி இருந்தது, பெயர் ஜான். மூத்தவன் தாமஸ் 1673இல் இறந்துபோக, மிஞ்சிய ஒரே மகன் இவன்தான். குடி, ஊர்சுற்றல், வைத்த வேலையில் நிற்காதது, எல்லாம் உண்டு. 1674 பிப்ரவரியில் ஒருநாள் அப்பா, அம்மாவையும் நான்கு அக்கா தங்கைகளையும் வைத்துக்கொண்டு ஜானிடம் பேரம் பேசுகிறார்: கடவுளுக்குப் பயந்து, என் வேலையில் ஒழுங்காக இருந்து, கெட்ட வழியை விட்டால் பழையதை மறந்துவிடுகிறேன், உன் அம்மா காலத்துக்குப் பிறகு நிலமெல்லாம் உனக்கு. இதே போக்கில் போனால் நிலத்தை வேறு வழியில் முடித்துவிடுவேன், நீ உயிரோடு இருக்கும்வரை கஞ்சிக்கு வழி செய்வேன், அவ்வளவுதான். சகோதரிகள் முன்னால் சொன்னதுதான் இதில் விசேஷம், இனி யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஜான் திருந்தினானா என்றால், கொஞ்ச நாள் திருந்துவான், மறுபடி கெடுவான். 1681இல் அப்பாவுக்குச் சொல்லாமலேயே கல்யாணம் செய்துகொண்டான். கடவுள் அவன் பிழையை மன்னிக்கட்டும் என்று எழுதிவைத்தார் மனிதர், ஆனாலும் அவனை ஒரேயடியாக வெட்டிவிட மனம் வரவில்லை. இருக்கிற ஒரே பையன். எந்த ஊர் அப்பனுக்குத்தான் மனம் வரும்?

சரி, உயில் எழுதாமலே போனால்? நிலம் மூத்த மகனுக்கு, பொதுச் சட்டப்படி. (கென்ட் போன்ற சில இடங்களில் பழைய வழக்கப்படி எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் சமமாக.) இந்த மூத்த மகன் விதி 1925 சட்டத்தில்தான் ஒழிந்தது. மற்ற அசையும் சொத்துக்கு 1670இல் ஒரு சட்டம் வந்தது: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. இந்த மூன்றில் ஒன்று நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பலருக்குப் பழக்கப்பட்ட எண்ணாக இருக்கும். உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு என்று இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1865இலிருந்து, பிறகு 1925 சட்டத்திலும் சொல்வது அந்தப் பழைய இங்கிலாந்துக் கணக்கின் வழியில் வந்ததுதான். ஒரு நல்ல வித்தியாசம், இங்கே நிலத்துக்குத் தனி விதி இல்லை, மகனும் மகளும் சமம்.

உயில்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆன்மாவைக் கடவுளிடமும் உடலைச் சபைக் கல்லறைக்கும் ஒப்படைக்கிற முன்னுரை, மனைவிக்குக் கட்டில், படுக்கை, வெள்ளிப் பாத்திரம், அவள் வாழும்வரை சொந்த நிலத்தின் வருமானம். மூத்தவனுக்கு நிலம், ஆனால் அவன் தம்பி தங்கைகளுக்கு இத்தனை பவுண்டை இத்தனை வருடத்துக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கட்டாவிட்டால் நிலத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்ப்பார்கள். புத்தகங்கள் எந்த மகன் பாதிரியார் ஆகிறானோ அவனுக்கு. பல பாதிரியார்கள் வீட்டில் மாட்டுக்கு அடுத்த பெறுமானம் புத்தக அலமாரிதான். இந்த உயில்களை நிரூபிப்பதும் 1858 வரை திருச்சபை நீதிமன்றங்களின் வேலையாகவே இருந்தது, ஆகவே பாதிரியாருக்கு அந்த வாசல் பழக்கம்தான்.

மனைவிக்கான உண்மையான பாதுகாப்பு கல்யாணத்துக்கு முன்பே எழுதுகிற ஒப்பந்தத்தில் இருந்தது. பெண் கொண்டுவந்த பணத்தோடு மாப்பிள்ளை பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சேர்த்து அறங்காவலர்கள் கையில் போட்டுவிடுவார்கள், கணவன் தொட முடியாது, கடன்காரனும் தொட முடியாது, கணவன் போன பிறகு அவளுக்கு வருடந்தோறும் வட்டி வரும். 1870, 1882 சட்டங்கள் வருவதற்கு முன் கல்யாணமான பெண்ணின் கைப்பணம் சட்டப்படி கணவனுடையது என்பதால் இந்த வேலி ரொம்ப முக்கியம். மாமனார் கெட்டிக்காரராக இருந்தால் மகள் தப்பித்தாள்.

மேற்கு இங்கிலாந்தில் இன்னொரு சூதாட்டமும் உண்டு: மூன்று உயிர்க் குத்தகை. நிலத்தை இத்தனை வருடம் என்று இல்லாமல், பெயர் குறிப்பிட்ட மூன்று பேர் உயிரோடு இருக்கும்வரை என்று எடுப்பது. தன் பெயர், மனைவி பெயர், திடகாத்திரமான ஒரு குழந்தையின் பெயர். குழந்தை தொண்ணூறு வயது வாழ்ந்தால் லாட்டரி. அம்மையில் போனால் குழந்தையும் போயிற்று, நிலத்தின் ஓர் உயிரும் போயிற்று.

இப்போது மிகவும் ருசியான பகுதி. பதவியை விற்க முடியாது, ஆனால் பதவிக்கு ஆளை நியமிக்கிற உரிமையை விற்கலாம்! அந்த உரிமை நிலம் மாதிரி ஒரு சொத்து, பரம்பரையாக வரும், அடமானம் வைக்கலாம், ஏலம் விடலாம். பத்திரிகை விளம்பரத்தில் இப்போது அந்தப் பதவியில் இருப்பவருக்கு என்ன வயது என்று போடுவார்கள். கிழவராக இருந்தால் விலை ஏறும். முழு உரிமையை வாங்க வசதி இல்லாதவர் அடுத்த ஒரு முறை நியமிக்கிற உரிமையை மட்டும் வாங்கலாம். பதவி காலியாக இருக்கும்போது வாங்கினால் அது 'சைமனி', புனிதப் பதவியை விலைக்கு வாங்கிய குற்றம். ஆள் உயிரோடு இருக்கும்போது வாங்கினால் வியாபாரம். 1713இல், பாதிரியார் தனக்காகவே அடுத்த நியமனத்தை வாங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். ஆனால் அப்பா மகனுக்காக வாங்கினால்? பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன், அது சைமனி ஆகாது என்கிறார்: பேரத்தில் மகனுக்குச் சம்பந்தம் இல்லை, மகனுக்கு வழிசெய்வது அப்பாவின் இயற்கையான கடமை. எவ்வளவு வசதியான வாதம் பாருங்கள்.

நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். அப்பா ஜார்ஜ் ஆஸ்டினுக்கு 1761இல் ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் பதவியைக் கொடுத்தது தூரத்து உறவான நைட் குடும்பம். பக்கத்து டீன் ஊரின் பதவி, வசதியான அவருடைய பெரியப்பா பிரான்சிஸ் காசு கொடுத்து வாங்கிவைத்த உரிமையால் கிடைத்தது. 1801இல் ஜார்ஜ் பாத் நகரத்துக்கு ஓய்வெடுக்கப் போனார், மூத்த மகன் ஜேம்ஸ் உதவிப் பாதிரியாராக ஸ்டீவன்டன் வீட்டுக்குள் வந்தார். அப்பா புத்தகங்கள் ஐநூறு, தட்டுமுட்டு, பியானோ எல்லாம் விற்பனைக்குப் போயின. 1805இல் ஜார்ஜ் இறந்ததும் ஜேம்ஸ் ரெக்டர். ஜேம்ஸ் 1819இல் இறந்ததும் தம்பி ஹென்றி. அவருக்குப் பிறகு, நைட் குடும்பத்துக்குச் சுவீகாரம் போன இன்னொரு சகோதரர் எட்வர்டின் மகன் வில்லியம், 1873 வரை. கூட்டிப் பாருங்கள், 1761இலிருந்து 112 வருடம், எழுதிவைக்கவே முடியாத ஒரு பதவி ஒரே குடும்பத்துக்குள் சுற்றியிருக்கிறது.

ஆனால் இதெல்லாம் ஆண் பிள்ளைகள் கதை. பெண்கள் கதை வேறு. ஜார்ஜ் இருந்தபோது இரண்டு பதவியிலுமாகச் சுமார் 600 பவுண்டு வருடத்துக்கு வந்தது. அவர் இறந்த அன்று அது பூஜ்யம். மனைவிக்கும் மூத்த மகள் கசாண்ட்ராவுக்கும் சொந்தமாக இருந்த பணத்திலிருந்து வருடம் 210 பவுண்டு தேறியது. அதிலும் கசாண்ட்ராவின் பங்கு, கல்யாணத்துக்கு முன்பே மேற்கிந்தியத் தீவில் காய்ச்சலில் இறந்த அவளுடைய மாப்பிள்ளை, அவரும் ஒரு பாதிரியார்தான், விட்டுப்போன 1,000 பவுண்டின் வட்டி. ஜேனுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. சகோதரர்கள் கூடிப் பேசி எட்வர்ட் 100, ஜேம்ஸ் 50, ஹென்றி 50 என்று வருடாந்திரம் போட்டார்கள். கடற்படையில் இருந்த பிராங்க் 100 தருகிறேன் என்றார், அம்மா 50 போதும் என்றுவிட்டார். அப்படியும் நான்கு வருடம் ஊர் ஊராக வாடகை வீடு, உறவினர் வீடு. 1809இல் எட்வர்ட் சாட்டன் ஊரில் ஒரு வீட்டைக் கொடுத்த பிறகுதான் மூன்று பெண்களுக்கும் கால் தரித்தது. ஆறு மகன்கள் இருந்தது அந்த அம்மாவின் நல்ல காலம். மகன்கள் இல்லாத வீடுகள் என்ன ஆகியிருக்கும்!

அதற்குத்தான் தர்மம். 1655இல் பாதிரியார்களின் மகன்களே சேர்ந்து, நொடித்த பாதிரியார் குடும்பங்களுக்காக லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஆராதனை வைத்துக் காசு திரட்ட ஆரம்பித்தார்கள், 1678இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. ரோச்செஸ்டர் பிஷப் ஜான் வார்னர் 1666இல் இறக்கும்போது பாதிரியார் விதவைகள் இருபது பேர் குடியிருக்க பிராம்லியில் ஒரு விடுதி கட்ட உயில் எழுதினார், ஆளுக்கு வருடம் 20 பவுண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் அம்மாவோடு வந்து தங்கிப் பார்த்துக்கொண்ட கல்யாணமாகாத மகள், அம்மா இறந்ததும் மறுபடி வீதிக்கு வந்தாள். அந்த மகள்களுக்கென்று அதே வளாகத்தில் ஐந்து வீடு கட்ட 1840 ஆயிற்று.

தர்மத்தை நம்பாமல் கணக்கை நம்பியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அங்கே போதகர் இறந்தால் அரை வருடச் சம்பளம் குடும்பத்துக்கு, அவ்வளவுதான். எடின்பரோவின் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள், கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் துணையோடு உட்கார்ந்து நாடு முழுவதும் விவரம் திரட்டினார்கள். எந்தக் காலத்திலும் சுமார் 930 போதகர்கள் இருப்பார்கள், வருடத்துக்கு 27 பேர் சாவார்கள், அதில் 18 பேர் மனைவியை விட்டுப்போவார்கள், மனைவி இல்லாத 5 பேர் பிள்ளைகளை மட்டும் விட்டுப்போவார்கள். அதன் மேல் ஒரு நிதியைக் கட்டினார்கள், 1744இல் சட்டமானது. போதகர் தன் வசதிக்கேற்ப நான்கில் ஒரு தவணையைத் தேர்ந்தெடுக்கலாம்: வருடம் 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டினால் விதவைக்கு வருடம் 10 பவுண்டு, மேல் தவணையான 6 பவுண்டு 11 ஷில்லிங் 3 பென்ஸ் கட்டினால் 25 பவுண்டு. 1765இல் நிதியில் 58,348 பவுண்டு இருக்கும் என்று கணித்தார்கள். இருந்தது 58,347. ஒரு பவுண்டு குறைச்சல்! பிற்கால ஆயுள் காப்பீட்டுத் தொழில் இவர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டது, ஆனால் தொடங்கியபோது அவர்கள் கண்முன் இருந்தது தங்கள் சக போதகரின் மனைவி மூட்டை கட்டுகிற காட்சிதான்.

கடைசியாக, எல்லாக் கணக்கும் தலைகீழான ஒரு வீடு. யார்க்ஷயரில் ஹாவர்த் ஊர்ப் பாதிரியார் பேட்ரிக் ப்ரான்ட்டே. அப்பா போனால் இந்த வீடும் போகும் என்ற எண்ணத்தில்தான் பின்னாளில் நாவலாசிரியர்களான மகள்கள் ஷார்லட், எமிலி, ஆன் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்று திட்டம் போட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் நடந்தது வேறு. ஆறு பிள்ளைகளும் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்கள். 1855இல் கடைசியாக ஷார்லட்டும் போன மூன்று மாதத்தில் அவர் உயில் எழுதினார்: உடன்பிறந்தவர்களுக்குள் பிரித்துக்கொள்ள 40 பவுண்டு, வேலைக்காரி மார்த்தா பிரவுனுக்கு 30 பவுண்டு, மீதி எல்லாம் மருமகன் ஆர்தர் பெல் நிக்கல்ஸுக்கு. நிக்கல்ஸ் அங்கேயே உதவிப் பாதிரியாராக இருந்து மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர், பதவி அவருக்கு வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1861 ஜூனில் பேட்ரிக் 84 வயதில் இறந்தார், சபை அறங்காவலர்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அக்டோபரில் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. நிக்கல்ஸ் ஷார்லட்டின் கையெழுத்துப் பிரதிகளையும், சில படங்களையும் கட்டி எடுத்துக்கொண்டு அயர்லாந்துக்குத் திரும்பினார், மறுபடி பாதிரியார் வேலை பார்க்கவில்லை, பானஹர் என்ற ஊரில் விவசாயம் செய்தார். மார்த்தா பிரவுனும் பின்னாளில் அங்கே போய் அவர் வீட்டில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள்.